சத்தம் வெளியே வராத உறுமி

என் வாய் கெட்ட வாய் என்று எங்கள் கம்பத்தில், அதாவது எங்கள் குடியிருப்பில், எல்லாருக்கும் தெரியும். அதனால் ஹரிஷாந்தைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள். ரொம்பக் கழித்துவிடாதீர்கள். அவன் செய்தது அநியாயம்தான்.

நான் பிரமிளா. ஆறாங்கட்டை உறுமி மேளத்துக்குத் தலைவி. மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே, செமோர் பக்கம் ரப்பர் தோட்டமாக இருந்த ஆறாங்கட்டையில் இப்போது வரிசை வரிசையாக மாடி வீடுகள் நிற்கின்றன. நாங்கள் அதற்குப் பின்னால் ஃபிளாட்டில் இருக்கிறோம். வார நாட்களில் கையுறை ஆலையில் எனக்கு வேலை. கோயில் திருவிழா வந்தால் தோளில் உறுமி ஏறிவிடும். உறுமிக்கு இரண்டு முகம். வலது முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்போம். இடது முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்போம். தேய்க்கத் தேய்க்க அது அடிவயிற்றிலிருந்து உறுமும். ஆட்களுக்குச் சாமி வருவது அந்தத் தேய்ப்பில்தான்.

ஒரு பொம்பளை உறுமி பிடித்து முன்னால் போவதும் ஆம்பளைகள் தவிலோடு பின்னால் வருவதும் லேசில் நடக்கவில்லை. ஒவ்வொருவனோடும் மல்லுக்கு நின்றேன். கடைசியாக வழிக்கு வந்தவன் தீபன். என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, லோரி ஓட்டுகிறவன். அவன் தவில் வந்த பிறகுதான் எங்கள் மேளத்தை நாலு கோயிலில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புந்தோங்கில் ஒரு திருவிழாவில் நாங்கள் வாசித்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தபோது ஹரிஷாந் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஹெட்ஃபோன். ஈப்போவில் டாக்டர் வீட்டுப் பிள்ளை. சிலோன்காரக் குடும்பம். வீட்டு மாடியிலேயே ஸ்டூடியோ வைத்துப் பாட்டு செய்கிறானாம்.

"உங்க உறுமிய ரெக்கார்ட் பண்ணலாமா? ஒரு பாட்டு செய்றேன். பாட்டு முழுக்க உங்க உறுமிதான் ஓட்டப் போகுது" என்றான்.

இப்படித்தான் சொன்னான். தீபனும் மற்றப் பையன்களும் பக்கத்திலேயே நின்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மேளத்து டி-சட்டையைப் போட்டுக்கொண்டு வேன் பிடித்து எல்லாருமாகப் போய் இறங்கினோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அவன் என்னை மட்டும் மேலே கூட்டிப் போனான். தவில்காரர்கள் கீழே வரவேற்பறையில் மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு அவன் அம்மாவோடு சேர்ந்து டிவி பார்த்தார்கள். பையன்களுக்கு அன்றைக்கே முகம் சுருங்கிவிட்டது. "பரவால்ல, உறுமியாச்சும் வருதுல்ல" என்று நான்தான் அவர்கள் வாயை அடைத்தேன். ஊரெல்லாம் சொன்னதும் நான்தான். ஆலையில் சொன்னேன், கோயில் கமிட்டியில் சொன்னேன், மீன் விற்கிற சீனன் வரைக்கும் சொன்னேன்.

பாட்டு முடிந்ததும் ஹரிஷாந் அதைத் தொலைபேசியில் அனுப்பி வைத்தான். தீபன் வீட்டுக்குக் கீழே மேளத்தின் பெரிய ஸ்பீக்கரை வைத்து எல்லாரும் கூடினோம். என் அம்மா வீரம்மா ஒரு சட்டி வடை சுட்டு எடுத்து வந்தது.

பாட்டு ஓடியது. நிரோஷா என்று ஒரு பெண் பாடியிருந்தாள். ஹரிஷாந்தின் சித்தப்பா மகளாம். நல்ல குரல். அதற்குக் கீழே கம்ப்யூட்டரில் செய்த சிந்தசைசர் சத்தம், சிந்த் என்பார்கள். அது அமுங்குவதும் எழும்புவதுமாக இருந்தது. "இப்ப வரும் பாரு" என்றேன். வரவில்லை. "ரெண்டாவது சரணத்துல வச்சிருப்பான்" என்றேன். பாட்டே முடிந்துவிட்டது.

"எங்கக்கா நம்ம உறுமி?" என்றான் தீபன்.

"இன்னொரு தடவ போடு."

இன்னொரு தடவையும் இல்லை.

"ஸ்பீக்கர் ரோசாக்கோ என்னமோ" என்றது அம்மா, வடைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே. ஸ்பீக்கர் பழுதாகவில்லை. எனக்குக் காது மடல் எரிந்தது.

பாட்டு எப்படியோ கைமாறிப் போய், மறுநாளே புந்தோங் மேளத்துக்காரன் ஒருவன் குரல் பதிவு அனுப்பினான். "ஆறாங்கட்ட உறுமி கேடிஎம் ரயில்லயா வருது? இன்னும் ஈப்போ வந்து சேரலியே லா!" பின்னால் பத்துப் பேர் சிரிப்பது கேட்டது. அது எங்கள் கம்பம் முழுக்கச் சுற்றியது.

தீபன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்கா, நேராச் சொல்லிர்றேன். புந்தோங் மேளத்துல எங்கள கூப்புடுறாங்க. எல்லாரையும்."

"போறியா?"

"லோரி ஸ்டாண்டுல தல காட்ட முடியல. ஒரே மாலு, வெக்கமா இருக்கு. ஞாயித்துக்கெழம அந்த ஹரிஷாந் ஈப்போ ஹால்ல பாட்டு வெளியீடு வைக்கிறான்ல? அங்க நம்ம உறுமி கேக்கணும். கேட்டுச்சுன்னா நாங்க இங்கதான். கேக்கலன்னா ஆடித் திருவிழாவுக்கு நாங்க புந்தோங் சட்ட போட்டுருவோம். கோவிச்சிக்காத."

கோபித்துக்கொள்ளாதேயாம்! தவில் போனால் மேளம் ஏது? ஒற்றை உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் கோயில் கோயிலாகப் பிச்சையா எடுக்கப் போகிறேன்? ஆனால் அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபம் எல்லாம் மாடி வீட்டு ஹரிஷாந் மேல் வந்தது.

ஆலையில் மதியத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே அவன் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"எங்க என் உறுமி?"

ஹரிஷாந் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "உக்காருங்க, காட்றேன்" என்று கணினித் திரையைத் திருப்பினான்.

"இது சிந்த். இதுக்கு மேல கம்ப்ரசர்னு ஒண்ணு வச்சிருக்கேன். சத்தத்த அமுக்குற கருவி. எப்ப அமுக்கணும்னு அதுக்கு யார் சொல்றா? உங்க உறுமி. நீங்க ஒரு அடி அடிச்சா சிந்த் தல குனியும். அடி ஓஞ்சதும் நிமிரும். இதுக்குப் பேர் சைட்செயின். இந்தப் பாட்டுல வேற தாளமே கிடையாது. சிந்த் குனிஞ்சி நிமிர்றதுதான் தாளம். இப்ப பாருங்க."

எதையோ அழுத்தினான். அமுங்கி எழுந்துகொண்டிருந்த சிந்த் சட்டென்று ஒரே மட்டமாக, சுவர் மாதிரி நின்றது. கேட்கவே சகிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். சுவர் அசைந்தது. உற்றுக் கேட்டேன். அது என் கைதான். மூன்று அடி, ஒரு தயக்கம், இரண்டு அடி. முனியாண்டி சாமி புறப்படும்போது நான் வாசிக்கிற அடி. என் அடிக்கு அந்த மின்சாரச் சத்தம் குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

"பாத்தீங்களா? உங்க உறுமி இல்லாட்டி பாட்டே இல்ல" என்றான்.

"அப்ப அது ஏன் கேக்கல?"

"கேக்கத் தேவையில்ல. வேலை செஞ்சா போதும்."

"என்னது?"

"கம்ப்ரசருக்குக் கேக்குது. வெளிய ஸ்பீக்கருக்கு அனுப்பல. அவ்வளவுதான்."

"இது எந்த ஊர் நியாயம்? வேல வாங்கிக்குவ, ஆளக் காட்ட மாட்டியா? ஊரெல்லாம் சொல்லிட்டு நிக்கிறேன். என் மேளமே ஒடையப் போவுது. ஸ்பீக்கர்ல வுடு."

அவன் முகம் மாறியது. "பிரமிளா, இது ரேடியோவுக்குப் போற பாட்டு. கோலாலம்பூர்ல இருந்து ஆள் வருது. உறுமிச் சத்தம் வெளிய வந்தா என்ன சொல்லுவாங்க? சாவு வீட்டுச் சத்தம்பாங்க."

எனக்கு நல்ல நல்ல வார்த்தையாக வாயில் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அம்மா கீழேயிருந்து "யாரது?" என்று கேட்கிற அளவுக்குச் சொன்னேன். சாவு வீட்டில் வாசிக்கத்தான் செய்கிறோம், கல்யாணத்திலும் வாசிக்கிறோம், உனக்கு எதற்கு வேண்டும், சொல், வந்து வாசிக்கிறேன் என்றேன்.

அவன் பயந்தானோ என்னவோ, குரலைத் தழைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம நீங்க மேடையில நிண்டு நேரடியா வாசிங்க. எல்லாம் லைவ். உங்க பேர சொல்றேன். சந்தோசமா?"

"ஸ்பீக்கர்ல வருமா?"

"பாப்பம்" என்றான். பார்ப்போம் என்பதை அவன் வீட்டில் பேசுகிற சிலோன் தமிழில் சொன்னான். மனசில் ஒன்றை ஒளித்துக்கொண்டு பேசும்போது அந்தத் தமிழ் அவனுக்குத் தானாக வந்துவிடும். அது எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈப்போ ஹாலில் ஒத்திகை. உறுமியின் விளிம்பில் ஒரு சின்ன மைக்கைக் கவ்விவிட்டு, அதன் வயரைத் தன் மேசைக்கு இழுத்துப் போனான். மேசையில் லேப்டாப், பக்கத்தில் வரிசையாக ஃபேடர்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ஃபேடர். மேலே தள்ளினால் ஹாலுக்குக் கேட்கும், கீழே இழுத்தால் கேட்காது. எல்லாம் மேலே இருந்தது. என் உறுமியின் ஃபேடர் மட்டும் அடியோடு கீழே கிடந்தது.

"அதத் தூக்கு."

"சிக்கல் பண்ணாதீங்க. ஆக்கள் வர்ற நேரம்."

வாசித்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். அந்த இரைச்சலில் என் உறுமி எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் நான் அடிக்கும்போதெல்லாம் ஹாலே மூச்சை இழுத்துக்கொள்கிற மாதிரி சிந்த் அடங்கியது. பழக்க தோஷத்தில் ஓர் இடத்தில் இடது கைக்குச்சியை வைத்துத் தேய்த்துவிட்டேன். சிந்த் அமுங்கியது. அமுங்கினது எழும்பவே இல்லை.

"தேய்க்காதீங்க!" ஹரிஷாந் மேசையிலிருந்து கத்தினான். "அடி மட்டும்! அடின்னா வந்து போயிரும். நீங்க தேய்ச்சா சத்தம் விடாம வந்துக்கிட்டே இருக்கும், கம்ப்ரசர் கைய எடுக்காது. பாட்டே செத்துப் போகும். விளங்குதா?"

நன்றாகவே விளங்கியது.

மேடை ஓரத்தில் நிரோஷா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இருபது வயசு இருக்கும். "அக்கா, இதுதான் எனக்கு முதல் பாட்டு" என்றாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ரேடியோக்காரர்கள், அவன் சொந்தக்காரர்கள், பட்டுப்புடவைகள். என் பையன்கள் கடைசியில் கதவோரம் மேளத்து டி-சட்டையில் நின்றார்கள். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. தீபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஹரிஷாந் மைக்கைப் பிடித்தான். "இண்டைக்கு நீங்க கேக்கப்போறது எல்லாமே லைவ். முன்னாடியே பதிஞ்சி வச்ச சத்தம் ஒண்ணுகூடக் கிடையாது" என்றான். கை தட்டினார்கள். என் பெயரைச் சொன்னான். மேளத்தின் பெயரைச் சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பமானது. அவன் சொன்ன பேச்சைக் கேட்டு அடி மட்டும் அடித்தேன். சிந்த் குனிந்தது, நிமிர்ந்தது. நிரோஷா அதன் மேல் ஏறி அழகாகப் பாடினாள். முன்வரிசையில் ஓர் அம்மா என்னைப் படம் எடுத்தார். பொம்மைக்கொலுவைப் படம் எடுப்பார்களே, அப்படி. கையை ஓங்குகிறேன், குச்சி விழுகிறது, என்னிடமிருந்து ஒரு சத்தமும் யாருக்கும் போகவில்லை. ஊமைக் கூத்து! மேசையைப் பார்த்தேன். ஃபேடர் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஹரிஷாந் என் கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவோரம் தீபன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவன் தோளைத் தொட்டான். இரண்டு பேரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

போச்சு என்று நினைத்தேன். நினைக்கும்போதே வளைந்த குச்சியை இடது முகத்தில் வைத்து என் பலம் அத்தனையும் கொடுத்து அழுத்தித் தேய்த்தேன்.

சிந்த் விழுந்தது. எழும்பப் பார்த்தது, விடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பெரிய ஸ்பீக்கரும் வாயை மூடிக்கொண்டது. நிரோஷா குரல் மட்டும் தனியாக இரண்டு வரி தடுமாறிப் போய் அதுவும் நின்றது. ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில், மைக்கும் இல்லாமல் ஸ்பீக்கரும் இல்லாமல், என் உறுமி உறுமியது. சின்னச் சத்தம்தான். ஆனால் கதவு வரைக்கும் போயிற்று. தீபன் திரும்பிப் பார்த்தான்.

ஹரிஷாந் பாய்ந்து வந்து என் வயரைப் பிடுங்கினான். பிடுங்கியதுதான் தாமதம், சிந்த் அணை உடைந்த மாதிரி கொட்டியது. தாளம் கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரே இரைச்சல். நிரோஷா எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒரு தடவை ஆரம்பித்துப் பாதியில் விட்டாள், இன்னொரு தடவையும் அப்படியே விட்டாள். முன்வரிசையில் காதைப் பொத்தினார்கள். பதிந்து வைத்த பாட்டைப் போட்டுவிடலாம் என்றால், எல்லாம் லைவ் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மார்தட்டியிருக்கிறான். வயரை மறுபடி சொருகினான். நான் தேய்ப்பை நிறுத்தவே இல்லை. சிந்த் மறுபடி செத்தது.

"நிப்பாட்டுங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஃபேடரத் தூக்கு."

"பிரமிளா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். அதுக்குத்தான் வந்துருக்காங்க. தூக்குடா."

"உங்கள இனி ஒரு மேடையிலயும் ஏத்த மாட்டன்."

"ஏத்தாத. இப்ப தூக்கு."

நிரோஷாவின் மைக் திறந்தே இருந்தது. அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. "யாராச்சும் ஒரு சத்தத்த ஒழுங்காத் தாங்கோ! நான் பாட வேணும்!" அழுதுகொண்டே கத்தினாள்.

ஹரிஷாந் மேசைக்குப் போனான். என்னைப் பார்த்தான். அப்படி ஒரு வெறுப்பை நான் ஒருத்தர் கண்ணிலும் பார்த்ததில்லை. என் கண்ணிலும் அதுவேதான் இருந்திருக்கும். விரலை வைத்து ஃபேடரை மேலே தள்ளினான்.

என் உறுமி ஸ்பீக்கரில் இறங்கியதும் தரை அதிர்ந்தது. தேய்ப்பை விட்டுவிட்டு அடிக்கு வந்தேன். மூன்று அடி, ஒரு தயக்கம், இரண்டு அடி. ஒவ்வோர் அடிக்கும் சிந்த் வழிவிட்டு ஒதுங்கியது. அடி முடிந்ததும் வந்து நிரம்பியது. இடிப்பவனும் இடிபடுகிறவனும் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துப் போகிற மாதிரி இருந்தது. நிரோஷா கண்ணைத் துடைத்துவிட்டுப் பிடித்தாள். பின்னாலிருந்து "அடிக்கா! அடி!" என்று தீபன் கூவினான். பையன்கள் நாற்காலி முதுகில் தவில் அடியைத் தட்ட ஆரம்பித்தார்கள். ரேடியோக்காரர் ஒருவர் எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? எனக்கே புல்லரித்தது. பாவிப் பயல், இவ்வளவு நல்ல பாட்டைச் செய்துவிட்டு ஏன் இப்படிச் செய்தான் என்று வாசிக்கும்போதே நினைத்தேன்.

முடிந்ததும் நிரோஷா என்னைத் தாண்டிப் போனாள். "என்ட முதல் பாட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான்.

மேடைக்குப் பின்னால் ஹரிஷாந் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். உறுமியிலிருந்து மைக்கைக் கழற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"இப்படித் தெறந்து வச்சி முன்னாடி கேட்ருக்கியா?"

"கேட்டன்" என்றான்.

"எப்ப?"

"ரெக்கார்ட் பண்ணின அண்டைக்கே. நல்லா இருந்தது. இண்டைக்கு விட நல்லா."

"அப்பறம் எதுக்குடா மூடுன?"

வயரைப் பார்த்தபடியே சொன்னான். "தெறந்து விட்டா ஒருத்தரும் அத என்ட பாட்டெண்டு சொல்ல மாட்டினம்."

ரேடியோ, கோலாலம்பூர் ஆள், சாவு வீடு எல்லாம் சும்மா. கேட்டிருக்கிறான், நல்லது என்று தெரிந்திருக்கிறது, தெரிந்ததால்தான் மூடியிருக்கிறான். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட நான் போய்த் தொலை என்று விட்டிருப்பேன்.

தீபன் வந்து என் தோளிலிருந்து உறுமியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "வா அக்கா, வேன்ல எல்லாரும் ஏறிட்டானுங்க" என்றான். நான் ஹரிஷாந்தை ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தேன். அன்றைக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்காமல் வந்ததற்காக இன்னமும் என் கை அரிக்கிறது.